நெடும்பயணத்துக்குக் காரைத் தயார்செய்தல்

நெடும்பயணத்துக்குக் காரைத் தயார்செய்தல் என்பது, ஒரே நாளில் பல நூறு கிலோமீட்டர் ஓடப்போகும் காரை முன்கூட்டியே சோதித்து, தேய்ந்ததை மாற்றி, குறைந்ததை நிரப்பி, சுமையையும் ஆவணங்களையும் ஒழுங்குபடுத்தும் வேலை. வீட்டுக்கும் அலுவலகத்துக்குமாகப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடும் காரில் பல குறைகள் வெளியே தெரிவதில்லை. சூடு ஏறுவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். சென்னையிலிருந்து கன்னியாகுமரி சுமார் 700 கி.மீ. சித்திரை வெயிலில், ஐந்து பேரையும் டிக்கி நிறையச் சாமானையும் ஏற்றிக்கொண்டு அந்தத் தூரத்தைக் கடக்கும் காரில் டயரும் ரேடியேட்டரும் மணிக்கணக்கில் சூட்டிலேயே வேலை செய்கின்றன. மலையிறக்கம் வந்தால் பிரேக்கும் சேர்ந்துகொள்ளும். தயாரிப்பில் முக்கியமானவை எல்லாம் இந்தச் சூட்டைச் சமாளிப்பதற்கானவையே. இக்கட்டுரை தமிழ்நாட்டுச் சாலைகளையும், சொந்த உபயோகத்துக்கான கார்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

வரலாறு

காரில் போன முதல் நெடும்பயணம் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் நடந்தது. 1888 ஆகஸ்ட்டில் பெர்த்தா பென்ஸ் தன் இரு மகன்களை ஏற்றிக்கொண்டு, கணவர் கார்ல் பென்ஸுக்குத் தெரியாமல், ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து சுமார் 105 கி.மீ. தொலைவிலுள்ள போர்ஸ்ஹைமுக்கு மூன்று சக்கர மோட்டார் வண்டியை ஓட்டிச் சென்றார். எரிபொருளை வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் வாங்கினார். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். தேய்ந்த பிரேக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்துக்கொண்டார். இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருந்ததால் வழியெங்கும் நிறுத்தி நிறுத்தி ஊற்ற வேண்டியிருந்தது.

அம்பாசிடர் காலம் வரை நம் ஊரிலும் நிலைமை ஏறத்தாழ இதுதான். டிக்கியில் தண்ணீர் கேனும், மாற்று ஃபேன் பெல்ட்டும், ஸ்பார்க் பிளக்கும் இல்லாமல் யாரும் திருப்பதிக்குக் கிளம்பியதில்லை. இன்றைய கார்களில் வழியில் திறந்து பார்த்துச் சரிசெய்யக்கூடியவை குறைவு. அதனால் சாலையோரத்தில் செய்த வேலைகள் புறப்படுவதற்கு முந்தைய வாரத்துக்கு நகர்ந்துவிட்டன.

எப்போது தொடங்குவது

கிளம்புவதற்கு முந்தைய நாள் சர்வீஸுக்கு விடுவது பரவலான பழக்கம், நல்ல பழக்கமல்ல. ஆயில் மாற்றியபின் வடிகால் போல்ட்டில் கசிவு, சரியாக மாட்டாத ஹோஸ் கிளிப், இறுக்காமல் விட்ட வீல் நட் போன்றவை கொஞ்ச தூரம் ஓடிய பிறகே தெரியவரும். பத்து நாள் முன்னதாக சர்வீஸ் முடித்து, ஊருக்குள்ளேயே ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, காலையில் வண்டி நின்ற இடத்தில் தரையில் சொட்டு ஏதும் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டால் அந்தப் பயம் பெரும்பாலும் போய்விடும். பயணத் தேதிக்குள் அடுத்த சர்வீஸ் வராது என்றால், ஆயில் மாற்றியே ஆக வேண்டும் என்பதில்லை.

டயர்

சாதாரண காரின் டயர் 100 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 15 முறை சுற்றுகிறது. சென்னையிலிருந்து திருச்சி போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு டயரும் ஒன்றேமுக்கால் லட்சம் தடவை சுற்றியிருக்கும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பில் பிறக்கும் சூடு ரப்பரையும் உள்ளிருக்கும் இழைகளையும் பிரித்துவிடும். நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இது. வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து அடிக்க வேண்டும் என்று பெட்ரோல் பங்கில் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உண்மை நேர்மாறானது.

எவ்வளவு காற்று என்பதை டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணை சொல்லும். பல கார்களில் இரண்டு வரிசை இருக்கும்: ஓரிருவர் போகும்போது ஒன்று, ஆள் நிறைந்து சாமானும் இருக்கும்போது ஒன்று. நெடும்பயணத்துக்கு இரண்டாவது. டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது காலையில் ஓரிரு கிலோமீட்டருக்குள், பார்ப்பதே சரியான அளவு. ஓடிச் சூடான டயர் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கக் கூடாது. நைட்ரஜனுக்குத் தனிக்காசு கொடுப்பது அவரவர் விருப்பம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

தேய்மானத்தைப் பார்க்கக் கருவி வேண்டாம். பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன ரப்பர் மேடு இருக்கும், அது 1.6 மி.மீ. உயரம். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. மழையில் ஓட்டுவதென்றால் அதற்கு வெகு முன்பே மாற்றுவது நல்லது. இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது. நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு பக்கம் மட்டும் என்றால் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கம் டயர் பிறந்த வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். குறைவாக ஓடும் கார்களில் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும். பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தால், பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த டயரோடு நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது.

ஸ்டெப்னியை மறப்பது வழக்கம். வாங்கிய நாளிலிருந்து காற்றே பார்க்காத ஸ்டெப்னிகள் ஏராளம். சில கார்களில் ஸ்டெப்னி மற்ற டயர்களைவிட ஒல்லியானது. அதில் பெரும்பாலும் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று சக்கரத்திலேயே எழுதியிருக்கும். டயர் அழுத்தத்தைக் காட்டும் கருவியும் பஞ்சர் பொருள்களும் உள்ள டியூப்லெஸ் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. ஆனால் ஆணிக் குத்தலுக்கு உதவும் அந்தப் பொருள்கள் கிழிந்த பக்கச்சுவருக்கு உதவாது.

கடையில் டயர் மாற்றியபின், காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிய நட்டுகளில் ஒன்றை உங்கள் காரோடு வந்த வீல் ஸ்பேனரால் கழற்றிப் பாருங்கள். குட்டையான அந்த ஸ்பேனரின் மேல் ஏறி நின்றும் அசையவில்லை என்றால், இரவில் உளுந்தூர்பேட்டைக்கு அப்பாலும் அசையாது. அங்கேயே தளர்த்தி, கையால் இறுக்கித் தரச் சொல்ல வேண்டும்.

கூலன்ட், ஆயில்

கூலன்ட் என்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் என்ற திரவமும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்தது. பாதிக்குப் பாதி கலவை தண்ணீரைவிடச் சில டிகிரி கூடுதலாகவே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தம் அந்தக் கொதிநிலையை இன்னும் ஏற்றுகிறது. அதனால் தேய்ந்த ரப்பர் வளையமுள்ள மூடியும் ஒரு பழுதுதான். வீட்டுப் போர்வெல் தண்ணீரை ஊற்றுவதைத் தவிர்க்க வேண்டும். உப்புத் தண்ணீர் குழாய்க்குள் படிந்து, கெட்டிலின் அடியில் படிவதுபோல அடைத்துக்கொள்ளும். வெப்பமானி முள் ஏறினால் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்து, அரை மணி நேரமாவது ஆற விட வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிக்கும் திரவம் முகத்தில் அடிக்கும்.

ஆயிலை, சமதரையில் இன்ஜின் ஆறிய பிறகு, டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். இரு குறிகளுக்கு நடுவே இருந்தால் போதும். மேல்குறியைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதலே.

பிரேக்கும் மலைப்பாதையும்

கொல்லிமலைக்கு 70, வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது சோதனை இன்ஜினுக்கு, இறங்கும்போது பிரேக்குக்கு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அது 155 வரை இறங்கலாம். மலையிறக்கத்தில் காலை எடுக்காமல் பிரேக் பிடித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு எட்டிவிடும். ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காக. பிரேக் பேட் தடிமனை மட்டும் பார்த்துவிட்டு ஆயிலைப் பார்க்காமல் அனுப்பும் மெக்கானிக் பாதி வேலையே செய்திருக்கிறார்.

ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இன்றும் பொருந்தும். ஆட்டோமேட்டிக் கார்களில் இதற்கென்றே எல் அல்லது மேனுவல் நிலை இருக்கிறது. பலர் அதை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. மலைக்குப் போகும்முன் ஊர்ப்பக்கத்து மேம்பாலத்திலாவது பழகிக்கொள்ளலாம். மலை என்று தோன்றாத இறக்கங்களும் உண்டு. தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே, 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வரும் தொப்பூர் கணவாய், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிகளால் பல விபத்துகளைக் கண்ட இடம். அங்கே முன்னால் போகும் லாரியோடு பின்னால் வரும் லாரியையும் கவனித்துக்கொண்டே இறங்க வேண்டும். பிரேக் கருகும் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆற விடுவதே வழி. டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் கோணிக்கொள்ளும்.

பேட்டரி, விளக்கு, வைப்பர்

நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். மூன்று நான்கு வருடம் கடந்து, காலையில் செல்ஃப் இழுத்து இழுத்து எடுக்கிறதென்றால் மாற்றிவிட்டே கிளம்பலாம். வைப்பர் ரப்பர் வெயிலில் காய்ந்து வெடிப்பது மழை வரும் வரை தெரியாது.

டாஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண்ணிட்ட சிறு உருளை பல கார்களில் இருக்கும். டிக்கியில் பாரம் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொண்டு, டிம் விளக்கே எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். அந்த உருளையைத் திருப்பினால் ஒளி கீழே இறங்கும்.

சுமை

ஐந்து பேரும் ஏறிய பிறகு சிறிய கார் தாங்குவதற்குப் பெரும்பாலும் சில பைகளே மிச்சம். கனமானவை டிக்கியில், பின்சீட்டை ஒட்டிக் கீழே இருக்க வேண்டும். பின்கண்ணாடித் தட்டில் வைத்த தண்ணீர் பாட்டில், திடீர் பிரேக்கில் முன்னால் இருப்பவரின் பின்தலைக்கு வரும். மேல்கேரியர் காற்றைப் பிடிக்கும். திருநெல்வேலி தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடி மாதங்களில் பக்கவாட்டில் அடிக்கும் காற்று, முப்பந்தல் காற்றாலைகள் அங்கே நிற்பதற்குக் காரணமான அதே காற்று. கூரையில் பெட்டி கட்டிய கார் அங்கே ஆடும்.

ஆவணங்களும் சுங்கமும்

லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் நான்கையும் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ காட்டினால் செல்லும். ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரி முதல் கட்டாயம். 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஆண்டு பாஸ், சொந்த கார்களுக்கு 200 சுங்கக் கடப்புகள் அல்லது ஓர் ஆண்டு, எது முந்துகிறதோ அதுவரை. மாநில நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் அது செல்லாது. ஊட்டி, கொடைக்கானலுக்குப் போக, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது.

மின்சார கார்

இன்ஜின் ஆயில் மாற்றும் வேலை இல்லை. மற்றவை பெரும்பாலும் உண்டு. வண்டி கனமானதால் டயர்க் காற்றைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில், ஏசியோடு, ஒரு சார்ஜில் ஓடும் தூரம் விளம்பரத்தில் சொன்னதைவிடக் கணிசமாகக் குறையும். அதனால் திட்டமிட்ட சார்ஜிங் நிலையத்துக்கு மாற்றாக இன்னொன்றையும் குறித்துக்கொள்வது முறை. மலை உச்சி விடுதியில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்கினால், பேட்டரியில் இடமில்லாததால் மோட்டார் வழியாக வேகம் குறையும் வசதி முதல் சில கிலோமீட்டருக்குச் சரியாக வேலை செய்யாது. பாரம் முழுக்க பிரேக்கின் மேல் விழும்.

வழியில் நின்றுபோனால்

வண்டியைத் தடத்தை விட்டு முழுதாக இறக்கி, நாலு விளக்கையும் எரியவிட்டு, சிவப்பு முக்கோணத்தை ஐம்பது மீட்டராவது பின்னால் வைத்துவிட்டு, எல்லோரும் காரை விட்டு இறங்கிச் சாலைத் தடுப்புக்கு அப்பால் நிற்க வேண்டும். சாலைப் பக்கத்து டயர் போயிருந்தால், இரவில் அதைத் தானே மாற்ற முனையாமல் உதவிக்கு அழைப்பது மேல். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033; காயம் என்றால் 108.