அன்பின் பெயரால் வந்த மடல்

தபால்காரர் தரும் கடிதத்தை உடனே கிழித்துப் பார்ப்பவர் சிலரே. உறையின்மீதுள்ள கையெழுத்து யாருடையது, முத்திரை எந்த ஊருடையது என்று ஒரு கணம் நோக்கிய பின்னரே பெரும்பாலோர் பிரிப்பர். கணினிக்கு வரும் கடிதத்திலோ கையெழுத்தும் இல்லை, ஊர் முத்திரையும் இல்லை. அனுப்பியவர் பெயர் ஒன்றே உண்டு. அந்தப் பெயரை நம்பி உலகம் பெரும் இழப்பைச் சந்தித்த நாள் ஒன்று உண்டு. அதனை நாம் மறந்துவிடுதல் நன்றன்று.

2000ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள், பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவிலிருந்து புறப்பட்ட மின்னஞ்சல் ஒன்று சில மணி நேரத்தில் கண்டங்களைக் கடந்தது. ‘ஐ லவ் யூ’ என்பது அதன் தலைப்பு. உடன் இணைத்துள்ள காதல் மடலைப் படிக்குமாறு உள்ளே ஒரு வேண்டுகோள். இணைப்பைத் திறந்தவர்களுக்கு மடல் எதுவும் கிட்டவில்லை. மறைந்திருந்த நிரல் ஒன்று இயங்கத் தொடங்கியது. அவுட்லுக் முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் அது தன்னையே அனுப்பியது. சேமித்திருந்த நிழற்படக் கோப்புகளின்மீது தன்னை எழுதி அவற்றை அழித்தது. கடவுச்சொற்களைத் திருடும் வேறொரு கோப்பையும் இணையத்திலிருந்து பதிவிறக்கம் செய்ய முயன்றது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவையே தன் மின்னஞ்சல் சேவையை நிறுத்தி வைக்க நேர்ந்தது. கோடிக்கணக்கான கணினிகள் பாதிக்கப்பட்டதாக அந்நாளில் மதிப்பிடப்பட்டது.

கற்றறிந்தோரும் ஏமாந்தது எவ்வாறு? மடல் அந்நியரிடமிருந்து வரவில்லை. உடன் பணிபுரிபவர், நண்பர், மேலதிகாரி ஆகியோரின் உண்மையான முகவரியிலிருந்தே வந்தது. மேலும், அக்கோப்பின் பெயர் ‘டிஎக்ஸ்டி’ என்பதோடு முடியவில்லை. அதன்பின் ‘விபிஎஸ்’ என்ற மூன்றெழுத்து இருந்தது. அது இயங்கும் நிரல் என்பதற்கு அதுவே அடையாளம். ஆனால் விண்டோஸ் வழக்கமாகக் கடைசி எழுத்துகளை மறைத்துக் காட்டியதால், பலரின் கண்ணுக்கு அது வெறும் எழுத்துக் கோப்பாகவே தோன்றிற்று.

இதனை எழுதியவர் ஓனல் டி குஸ்மான் என்னும் மணிலா மாணவர். பிறருடைய இணையக் கடவுச்சொற்களைக் கைப்பற்றும் நிரலொன்றை அவர் தம் ஆய்வேட்டுக்கு முன்மொழிய, கல்லூரி அதனை ஏற்க மறுத்தது. தாமே அந்த மடலைப் பரவவிட்டதாகப் பல்லாண்டுகளுக்குப் பின்னரே பிரிட்டிஷ் பத்திரிகையாளர் ஒருவரிடம் ஒப்புக்கொண்டார். அச்செய்தி 2020இல் வெளிவந்தது. இணையக் கட்டணம் செலுத்த வசதியின்றிப் பிறர் கடவுச்சொற்களை நாடியதாகவும், மாந்தர் யாவரும் அன்பை விரும்புவதால் அத்தலைப்பை இட்டதாகவும் அவர் கூறினார். மனித உள்ளத்தின் ஏக்கத்தை அறிந்தே வலை விரிக்கப்பட்டது என்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

அவர் தண்டிக்கப்படவில்லை. இத்தகைய செயலைக் குற்றமென வகுக்கும் சட்டம் அன்று பிலிப்பைன்சில் இல்லை. 2000 ஜூன் 14இல் மின்வணிகச் சட்டம் கையெழுத்தாயிற்று. எனினும் முன்பு நிகழ்ந்த செயலுக்கு அது பொருந்தாது. வேறு சட்டத்தின்கீழ் தொடரப்பட்ட வழக்கும் ஆகஸ்டில் கைவிடப்பட்டது. சட்டம் எப்போதும் சற்றுத் தாமதமாகவே வந்து சேர்கிறது. கோப்பைத் திறப்பவரின் விரலே முதற்காவல்.

அவ்விரலுக்குச் சில பழக்கங்கள் தேவை. எதிர்பாராத இணைப்பு வந்தால், அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைத்து, “நீங்கள்தானே அனுப்பினீர்கள்?” என்று கேட்பதில் அவமரியாதை ஏதுமில்லை. கோப்புப் பெயரின் முடிவை மறைக்காமல் காட்டுமாறு கணினியை அமைத்துக்கொள்ளலாம். மென்பொருளை அதனை உருவாக்கியவரின் தளத்திலிருந்தே இறக்குவது நலம். அதுவும் முழுக்காவலன்று: 2017இல் ‘சிசிகிளீனர்’ என்னும் மென்பொருளின் அதிகாரபூர்வப் பதிப்பிலேயே தீய நிரல் புகுந்து, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைச் சென்றடைந்தது. ஆகவே அரிய ஆவணங்களுக்கும் குடும்பப் படங்களுக்கும் கணினியோடு இணைக்கப்படாத தனிப்படி ஒன்று இருத்தல் வேண்டும்.

இவ்வரலாற்றைக் கேட்டு யாரையும் நம்பக்கூடாது என்று முடிவு செய்வோமானால், அந்த மடல் இன்னும் ஒரு சேதத்தைச் செய்ததாகிவிடும். அன்று மடலைத் திறந்தவர்கள் நண்பர்மீது வைத்த நம்பிக்கை தவறன்று. நண்பரையும் அவர் பெயரில் வந்த கோப்பையும் ஒன்றெனக் கொண்டதே தவறு. இவ்விரண்டையும் வேறு பிரித்தறியும் ஒரு கணப் பொறுமை, அன்பைக் குறைப்பதில்லை, அதனைக் காக்கிறது.