மூளையைக் காப்பது குளிசையல்ல

பாடசாலை றக்பி பருவகாலம் வந்துவிட்டால் கொழும்பு மாநகரம் களைகட்டிவிடுகின்றது. றோயல், திரித்துவக் கல்லூரிகளுக்கிடையிலான பிரட்பி கேடயப் போட்டி 1945ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றது. ஸாஹிராக் கல்லூரி மாணவரும் இவ்விளையாட்டில் தமக்கென ஓர் இடத்தைப் பெற்றவர்கள். களனி முதல் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை வரை றக்பி, குத்துச்சண்டை, கராத்தே பயிலும் பிள்ளைகள் இல்லாத ஒழுங்கைகள் குறைவு. இதில் நாமும் பெருமை கொள்கின்றோம்.

எனினும், தலையில் விழும் அடி மூளையைப் பாதிக்கும் என்ற அச்சம் பெற்றோரிடையே அதிகரித்துள்ளது. அந்த அச்சத்தை மூலதனமாக்கி, மூளையைப் பாதுகாக்கும் எனக் கூறி மீனெண்ணெய்க் குளிசைகள், கிரியேட்டின் தூள், மஞ்சள் சாறு போன்றவை விற்பனை செய்யப்படுகின்றன.

இதன் உண்மை யாது? மீனெண்ணெயிலுள்ள டி.எச்.ஏ. எனும் கொழுப்பமிலம் மூளைக் கலங்களின் சவ்வில் இயல்பாகவே உள்ளது. விலங்குகளில் செய்யப்பட்ட ஆய்வுகள் நம்பிக்கையூட்டின. 2016இல் அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தாட்ட வீரர்களிடையே நடத்தப்பட்ட சிறிய ஆய்வொன்றில், நரம்புச் சேதத்தைக் காட்டும் இரத்தக் குறியீடு ஒன்று டி.எச்.ஏ. உட்கொண்டோரில் குறைவாக இருந்தது. ஆனால் குறியீடு குறைவது வேறு. மூளை அதிர்ச்சி தடுக்கப்படுவது வேறு. அவ்வாறு தடுக்கும் அல்லது குணப்படுத்தும் எனக் கூறி குறைநிரப்பிகளை விற்பதற்கு ஆதாரமில்லை என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013இலேயே எச்சரித்தது.

குளிசையை நம்பி, காயம் ஆறுமுன் பிள்ளை மைதானத்திற்குத் திரும்புவதே பேராபத்தாகும். முதல் அடி ஆறுமுன் விழும் இரண்டாவது அடி உயிரையே பறிக்கக்கூடும்.

வேறிரு விடயங்களையும் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். மென்குளிசைகளின் உறை பெரும்பாலும் ஜெலட்டினாலானது. அது பன்றியிலிருந்தும் பெறப்படுவதால் முஸ்லிம் வாசகர்கள் ஹலால் சான்றிதழைப் பார்த்தே வாங்குதல் வேண்டும். அடுத்தது ஊக்கமருந்து. 2011இல் கிரிக்கெட் வீரர் உபுல் தரங்க, தோள்வலிக்கு உட்கொண்ட மூலிகை மருந்தொன்றில் தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருந்தமையால் மூன்று மாதத் தடைக்குள்ளானார். அறியாமை மன்னிப்பைப் பெற்றுத் தரவில்லை.

அவ்வாறாயின் செய்ய வேண்டியது யாது? தலையில் அடிபட்டு மயக்கம், தலைச்சுற்று, குழப்பம், மறதி காணப்பட்டால் வீரரை உடனே வெளியேற்றி, அன்று மீண்டும் விளையாட விடலாகாது. தலைவலி கடுமையாதல், தொடர் வாந்தி, வலிப்பு, நினைவிழத்தல் ஆகியவை தோன்றின் 1990 சுவசெரிய நோயாளர் காவு வண்டியை அழையுங்கள். முதல் 24 முதல் 48 மணித்தியாலங்கள் ஓய்வும், கைத்தொலைபேசித் திரையைக் குறைத்தலும், பின்னர் இலகுவான நடமாட்டமும் உதவும் என்பது 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர் மாநாட்டின் முடிவு. விசேட மருத்துவக் கண்காணிப்பு இல்லாதவர்கள் 21 நாட்களுக்கு முன் போட்டிக்குத் திரும்பலாகாது என உலக றக்பி அமைப்பு 2023இல் அறிவுறுத்தியது.

மூளைக்கு வேண்டிய கொழுப்பமிலம் நமது கடலிலேயே உண்டு. சாளை, சூடை, சூரை ஆகியவற்றை வாரத்தில் இருமுறை சமைத்தாற் போதும். அது உடல்நலத்திற்கு உகந்த உணவே தவிர, தலைக்கான கவசமன்று. அடிபட்ட பிள்ளையை அமர வைக்கும் துணிவு பயிற்றுநருக்கும், வெற்றியை விட்டுக்கொடுக்கும் மனம் பெற்றோருக்கும் வேண்டும். கேடயம் அடுத்த ஆண்டும் வரும்; பிள்ளையின் மூளைக்கு மாற்றீடு இல்லை.