ஒரு நூலும் ஒரு மைக்ரானும்: வீட்டுப் பட்டறைக்கு வந்த சிஎன்சியின் வரலாறு

தமிழ்த் தச்சரிடம் இன்றும் புழங்கும் அளவுச்சொற்களுள் ஒன்று ‘நூல்’. ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். இந்தியும் உருதும் பேசும் தச்சர் அதையே ‘சூத்’ என்பர். அச்சொல்லுக்கும் இழை என்பதே பொருள். மெட்ரிக் கணக்கில் ஒரு நூல் 3.175 மில்லிமீட்டர். வீட்டில் கட்டப்படும் சிறு சிஎன்சி ரூட்டர்களில் பொருத்தப்படும் வெட்டுமுனைகளுக்கும் பெரும்பாலும் இதே 3.175 மில்லிமீட்டர்தான் தண்டின் விட்டம். தச்சரின் கை ரூட்டரையே சுழலியாகப் பொருத்தினால், அதன் பிடிவாய் வழக்கமாக 6.35 மில்லிமீட்டர், அதாவது இரண்டு நூல். கணினியின் ஆணைப்படி ஓடும் எந்திரத்தின் முனையில் தச்சரின் பழைய அளவு அப்படியே அமர்ந்திருக்கிறது.

சிஎன்சி எந்திரம் கைத்திறனை அழிக்க வந்தது என்பது பரவலான எண்ணம். அது கைத்திறனுக்கு விடுதலை தந்தது என்பது அண்மைக்கால எண்ணம். இவ்விரண்டுமே அதன் வரலாற்றை எளிமைப்படுத்துகின்றன. அந்த வரலாற்றைப் பார்க்கப் பெங்களூர் பொருத்தமான இடம். கன்டோன்மென்ட்டுக்கு வடகிழக்கே, பிரேசர் டவுனுக்கும் கம்மனஹள்ளிக்கும் அருகில், தமிழ் இயல்பாக ஒலிக்கும் லிங்கராஜபுரம் போன்ற ஒரு குடியிருப்பில் ஒருவர் தம் வீட்டு அறையிலேயே இத்தகைய எந்திரத்தைக் கட்டிவிட இன்று முடிகிறது. அவ்வாறு முடிவதற்குப் பின்னால் மூன்று வெவ்வேறு வரலாறுகள் உள்ளன.

முதலாவது இராணுவ வரலாறு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளைச் செய்துவந்த ஜான் பார்சன்ஸ், வளைவான அச்சு ஒன்றைத் துல்லியமாக வெட்டுவதற்கு அதன் விளிம்பைப் பல புள்ளிகளாகப் பிரித்து, துளையட்டைக் கணிப்பானால் கணக்கிட்டார். கணக்கிட்ட எண்களை ஒருவர் படிக்க, எந்திரத்தின் கைப்பிடிகளைத் தொழிலாளர் திருப்பினர். 1949-இல் அமெரிக்க விமானப்படை இம்முயற்சிக்கு நிதி அளித்தது. பணி எம்ஐடியின் ஆய்வகத்துக்குச் சென்றது. 1952-இல் துளையிட்ட காகித நாடாவைப் படித்து மூன்று அச்சுகளிலும் தானே நகரும் துருவல் எந்திரம் அங்கு செயல்விளக்கம் பெற்றது. ‘எண்ணியல் கட்டுப்பாடு’ என்ற பெயரின் பொருள் இங்கேதான் தெளிவாகிறது. முன்பு கை உணர்ந்து செய்ததை இப்போது எண் சொல்கிறது.

அதே காலத்தில் வேறொரு வழியும் இருந்தது. தேர்ந்த தொழிலாளி ஒருவர் முதல் உருப்படியைத் தம் கையால் வெட்டுவார். எந்திரத்தின் அசைவுகள் காந்த நாடாவில் பதிவாகும். பின்னர் எந்திரம் அவற்றைத் திரும்பச் செய்யும். வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984-இல் வெளியிட்ட நூலில், இந்தப் பதிவுமுறை கைவிடப்பட்டதற்குத் தொழில்நுட்பக் காரணம் மட்டும் போதாது என்று வாதிட்டார். பதிவுமுறையில் அறிவு தொழிலாளியின் கையிலேயே தங்குகிறது. எண்முறையிலோ அது பட்டறைத் தளத்தை விட்டு நிரல் எழுதும் அலுவலகத்துக்கு நகர்கிறது. மேலாண்மை விரும்பியதும் அதையே என்பது அவர் முடிவு. இதற்கு மறுப்பும் உண்டு. விமானப் பாகங்களின் சிக்கலான வளைவுகளைக் கையால் ஒருமுறைகூட வெட்ட இயலாதபோது பதிவு செய்ய என்ன இருக்கிறது என்ற கேள்வி வலுவானது. ஆயினும் நோபிள் எழுப்பிய அடிப்படை வினா நிற்கிறது: வெட்டும் அறிவு யாரிடம் இருக்கிறது?

இரண்டாவது, பெங்களூரின் வரலாறு. 1809-இல் ஆங்கிலேயர் இங்குக் கன்டோன்மென்ட்டை அமைத்தபின், சென்னை இராணுவத்தோடும் அதைச் சார்ந்த தொழில்களோடும் தமிழர் பெருமளவில் வந்து குடியேறினர். இருபதாம் நூற்றாண்டில் இந்நகரம் எந்திரங்களின் நகரமாயிற்று. 1940-இல் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய விமானத் தொழிற்சாலை, 1948-இல் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை, 1953-இல் சுவிட்சர்லாந்தின் ஓர்லிக்கோன் நிறுவனத்தின் கூட்டுறவோடு ஜாலஹள்ளியில் எழுந்த ஹெச்எம்டி ஆகியன வரிசையாக வந்தன. எந்திரங்களைச் செய்யும் எந்திரங்களை நாட்டுக்குள்ளேயே உருவாக்குவதே ஹெச்எம்டியின் நோக்கம். 1960-களின் தொடக்கத்தில் செக்கோஸ்லோவாகியாவின் ஒத்துழைப்புடன் மத்திய எந்திரக்கருவி நிறுவனம் இங்கு அமைந்தது. 1970-களில் பீன்யா தொழிற்பேட்டை வளர்ந்தது. 1979-இல் தொடங்கிய ஏஸ் டிசைனர்ஸ் நிறுவனம் பின்னர் சிஎன்சி கடைசல் எந்திரங்களைச் செய்து பெயர் பெற்றது.

எனினும் இந்தத் தலைமுறை எந்திரங்கள் வீட்டுக்குள் வரக்கூடியவை அல்ல. அவற்றின் எடை டன் கணக்கில். கட்டுப்படுத்தியின் விலையே ஒரு சிறு பட்டறையின் முதலீட்டுக்கு நிகர். கட்டுப்படுத்தியின் உள்ளே இருந்த நிரலோ நிறுவனங்களின் உடைமை. திறந்து பார்க்க வழியில்லை.

அதைத் திறந்தது மூன்றாவது வரலாறு. 1990-களில் அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், கட்டுப்படுத்தி நிரல் ஒன்றை ஆய்வுக்காக எழுதியது. அரசுப் பணியாளர் எழுதியது என்பதால் அது பொதுவுடைமையாக வெளிவந்தது. தன்னார்வலர் கையில் வளர்ந்து அது இன்று லினக்ஸ்சிஎன்சி என்று அறியப்படுகிறது. 2009-இல் நார்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் ‘ஜிஆர்பிஎல்’ என்ற சிறு நிரலை வெளியிட்டார். வெறும் 32 கிலோபைட் நினைவகம் கொண்ட ஆர்டுயினோ பலகைக்குள் அது அடங்கும். அந்தப் பலகையும், அடிவைப்பு மோட்டார்களும், அவற்றை இயக்கும் சுற்றுகளும் இன்று பெங்களூரின் எஸ்.பி. சாலைக் கடைகளில் கிடைக்கும் பொருள்கள். விமானப்படைப் பணத்தில் பிறந்த முறை, அரசின் பொதுவுடைமை நிரலாலும் தன்னார்வலர் உழைப்பாலும் வீட்டு மேசையை எட்டியது.

வீட்டு எந்திரத்தின் இயக்கம் எளிது. வழக்கமான அடிவைப்பு மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடிகள் வைக்கும். இயக்குசுற்று ஒவ்வோர் அடியையும் எட்டாகப் பிரித்தால் சுற்றுக்கு 1600. ஒரு சுற்றில் 8 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகுதண்டைப் பூட்டினால், ஒரு மில்லிமீட்டருக்கு 200 அடிகள். கணக்கின்படி ஓர் அடி 0.005 மில்லிமீட்டர், அதாவது 5 மைக்ரான். தச்சரின் ஒரு நூலில் இத்தகைய 635 அடிகள் அடங்கும்.

ஆனால் இந்தக் கணக்கை மரம் ஏற்பதில்லை. திருகுதண்டின் மரைக்கும் அதன்மேல் ஓடும் நட்டுக்கும் இடையே சிறு இடைவெளி உண்டு. திசை மாறும்போது அந்த இடைவெளி கடக்கும்வரை வெட்டுமுனை நகராது. பட்டறையில் இதை ‘ஆட்டம்’ என்பர். சட்டம் வளைந்தால் முனை அதிரும், வெட்டிய விளிம்பில் பிசிறு நிற்கும். குறுக்குச்சட்டம் செங்கோணத்தில் இல்லாவிட்டால் வெட்டிய சதுரம் சாய்சதுரமாகும். இவற்றை நிரல் முழுவதுமாகத் திருத்தாது, கை திருத்தவேண்டும். மூலைமட்டமும் ரசமட்டமும் வேண்டும். இரு மூலைவிட்டங்களையும் அளந்து அவை சமமாகும்வரை திருகுகளைத் தளர்த்தி இறுக்கவேண்டும். கதவுச்சட்டம் கோக்கும் தச்சர் செய்வதும் இதையேதான். எந்திரம் ஓடத் தொடங்கியபின் கைத்திறன் தேவைப்படாதிருக்கலாம். எந்திரம் எந்திரமாவதற்கு அது தேவைப்படுகிறது.

இங்கு மொழிக்கும் ஓர் இடம் உண்டு. இவ்வெந்திரங்கள் புரிந்துகொள்ளும் ஜி-கோடு மிகச் சுருங்கிய மொழி. ‘ஜி1 எக்ஸ்40 ஒய்25 எஃப்600’ என்றால், நிமிடத்துக்கு 600 மில்லிமீட்டர் வேகத்தில் அந்தப் புள்ளிக்கு நேர்கோட்டில் வெட்டிச் செல் என்பது பொருள். ஜி90 என்ற ஆணையின்கீழ் எல்லா இடங்களும் ஒரே தொடக்கப்புள்ளியிலிருந்து அளக்கப்படும்; ஜி91-இன்கீழ் முனை இப்போது நிற்கும் இடமே தொடக்கமாகும். ‘கோயிலுக்குக் கிழக்கே பத்தடி’ என்பதற்கும் ‘இங்கிருந்து பத்தடி’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இது. இடத்தைச் சொல்ல மனித மொழிகள் கையாளும் இரு வழிகளும் இம்மொழியிலும் இருக்கின்றன. மரத்தின் இழையோட்டம், முனையின் மழுக்கம், வெட்டும் ஓசையின் மாற்றம் ஆகியவற்றைச் சொல்ல மட்டும் இம்மொழியில் சொல் இல்லை. அவற்றை அருகில் நிற்பவரே அறிவார். வேகத்தைக் குறைப்பவரும் அவரே.

பாடநூல் தமிழில் மில்லிங் ‘துருவல்’ ஆகிறது; பட்டறையில் அது மில்லிங்தான். ஆனால் லேத்தில் செய்யும் வேலைக்குக் ‘கடைசல்’ என்ற சொல் பாடநூலிலும் உண்டு, பட்டறையிலும் உண்டு. தயிர் கடைவதும் மரம் கடைவதும் ஒரே வினை. கயிற்றால் முன்னும் பின்னும் சுழற்றப்பட்ட பழைய கடைசல் கருவியை நினைத்தால் அவ்வொற்றுமை விளங்கும். இத்தகைய சொல் நிலைத்திருப்பதற்கு அந்தத் தொழிலைச் செய்தவர் அதைத் தமிழில் பேசிக்கொண்டே செய்தது காரணம். கலைச்சொல் குழு மட்டும் அதை நிலைநிறுத்தியிருக்க இயலாது.

நோபிளின் வினாவுக்கு வீட்டுப் பட்டறை தரும் விடை முழுமையானதன்று. வரைபவர், நிரல் எழுதுபவர், எந்திரத்தைக் கட்டுபவர், வெட்டுபவர் ஆகிய நால்வரும் இங்கு மீண்டும் ஒருவராகின்றனர். தொழிற்சாலை பிரித்ததை வீடு சேர்த்திருக்கிறது. அதே வேளையில், திருகுதண்டும் தாங்கியும் சில்லும் தொலைவில் எங்கோ பெருந்தொழிற்சாலைகளில் செய்யப்பட்டு வருகின்றன. மேலும், பூசையறைக் கதவையும் ஜாலித் தட்டிகளையும் சிஎன்சியில் வெட்டித் தரும் கடைகள் பெருகியபின், அவற்றை உளியால் செதுக்கியவர்களுக்கு வேலை குறைந்திருப்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். ஒருவர் கைக்கு அறிவு திரும்பும்போது மற்றொருவர் கையிலிருந்து வேலை நழுவுகிறது.

ஹெச்எம்டிக்கு ஆண்டறிக்கைகள் உண்டு. எம்ஐடிக்கு ஆவணக்காப்பகம் உண்டு. வீட்டில் கட்டிய எந்திரத்துக்கு எதுவும் இல்லை. அடுத்ததைக் கட்டுவதற்காகவே அது பிரிக்கப்பட்டுவிடும். எஞ்சுபவை அதைக் கட்டியவரின் குறிப்பேடும், அவர் பேச்சில் வந்த ஆட்டம், பிசிறு, மரை, நூல் போன்ற சொற்களும் மட்டுமே. கன்டோன்மென்ட் தமிழில் கன்னடமும் உருதுவும் ஆங்கிலமும் கலந்து புழங்கும் இச்சொற்களைத் திரட்டுவது மொழியியலுக்கும் தொழில்நுட்ப வரலாற்றுக்கும் பொதுவான பணி. ‘ஒரு நூல் தள்ளு’ என்று சொன்னால் புரிந்துகொள்ளும் தலைமுறை பட்டறைகளில் இருக்கும்போதே அதைத் தொடங்குவது நல்லது.