பழவேற்காட்டுக் கடலும் சைன் வளைவரையும்

பதினோராம் வகுப்புக் கணக்கில் சைன் வளைவரையை மேலே தூக்கு, பக்கவாட்டில் நகர்த்து, உயரத்தைக் கூட்டு என்று வரையச் சொல்வார்கள். மார்க் வாங்கியதோடு பலரும் மறந்துவிடுவார்கள். ஆனால் திருவள்ளூர் மாவட்டக் கடற்கரையில் அதே வளைவரை தினமும் வரையப்படுகிறது... கடலின் ஏற்றவற்றமாக!

1613ல் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். ஆழம் போதாததால் பெரிய கப்பல்கள் கடலிலேயே நிற்க, சரக்கு படகுகளில் கரைக்கு வந்தது. கடல் எப்போது ஏறும் என்பது அன்றே முக்கியமான கேள்வி.

கணக்கோடு விடை சொன்னவர் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு). ஏற்றவற்றம் என்பது பல சைன் அலைகளின் கூட்டல் என்று வைத்து, 1872ல் அதை வரையும் இயந்திரத்தை உருவாக்கினார். 1879ல் எட்வர்ட் ராபர்ட்ஸ் இந்தியத் துறைமுகங்களுக்காகவே ஒன்றை வடிவமைத்தார். ஒவ்வொரு அலைக்கும் ஒரு கப்பி. அது அசையும் தூரம் வீச்சு, பல்சக்கரத்தின் வேகம் கால அளவு, தொடங்கும் கோணம் நகர்வு. எல்லாக் கப்பிகளையும் சுற்றிவரும் ஒரே கம்பி பேனாவை இழுக்க, தாளில் வளைவரை விழும். 1921ல் அந்த இயந்திரம் டேராடூனுக்கு வந்தது.

சென்னைக் கடலுக்கு ஏறக்குறைய இப்படி எழுதலாம்:

உயரம் = 0.65 + 0.35 × சைன்(360° × (நேரம் − தாமதம்) ÷ 12.42)

0.65 மீட்டர், வரைபடத்தை மேலே தூக்கும் சராசரி மட்டம். 0.35 நிலவின் வீச்சு. 12.42 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்றம். இதோடு 12 மணி நேரக் கால அளவும் சுமார் 0.15 மீட்டர் வீச்சும் கொண்ட சூரிய அலையையும் கூட்ட வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டும் சேர்ந்து வீச்சு 0.50 ஆகும். அஷ்டமியை ஒட்டி ஒன்றையொன்று குறைத்து 0.20 ஆகும்.

கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்கு அருகில் உள்ள எண்ணூர் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளியும் இந்த அட்டவணையைப் பார்க்கின்றன. பழவேற்காட்டு மீனவர்கள் நிலவைப் பார்க்கிறார்கள். இரண்டும் ஒரே கணக்குதான்!

ஆனால் முகத்துவாரத்தை மணல் அடைக்கும்போது கணக்கு மாறுகிறது. கடலில் வீச்சு அப்படியே இருக்க, ஏரிக்குள் அது சுருங்குகிறது, ஏற்றமும் தாமதமாக வருகிறது. ஏற்றத்தோடு உள்ளே வரவேண்டிய இறால் குஞ்சுகள் குறைகின்றன. படகு வெளியே போகவும் வழியில்லை. பாடப்புத்தகத்தில் வீச்சு குறைந்தால் கோடு சற்றுத் தட்டையாகும், அவ்வளவுதான். பழவேற்காட்டில் அது ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம்.