எட்டாத பெடலும் எழுபது வளைவும்

காரவள்ளியில் தொடங்கிக் கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலையின் மேற்பரப்பு கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். புதிதாகச் சைக்கிள் பழகியவர் இதில் ஏறப் பார்த்தால், சில வளைவுகளிலேயே முட்டி வலியெடுத்து, தொடை இறுகி, காலில் வலு போதவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார். பெரும்பாலும் அது தவறான முடிவு. சமவெளிக்கும் சுமைக்கும் ஏற்றதாக நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக ஒரு மிதிக்கும் முறை பழகிவந்திருக்கிறது. வலுக்குறைவைவிட அதுதான் அவரைத் தடுக்கிறது.

அந்தப் பழக்கம் வந்த வழியைப் பார்க்க வேண்டும். 1949இல் முருகப்பா குழுமம் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலிஸ் வண்டிகளை ஊரூராக அனுப்பியது. கறுப்பு நிறம், குறுக்கே பார், பின்னால் அகலக் கேரியர். வீட்டுக்கு ஒரு வண்டி. அப்பா, மகன், சித்தப்பா எல்லாருக்கும் அதுவேதான். யாருடைய கால் நீளத்துக்கு ஏற்பச் சீட்டை வைப்பது? பால் கேனும் நெல் மூட்டையும் ஏற்றியவருக்கு, நிறுத்தினால் பாதம் முழுதாகத் தரையில் ஊன்ற வேண்டும். ஆகவே சீட் தாழ்ந்தே இருந்தது. கால் எட்டாத சிறுவர்கள் வாடகை சைக்கிளின் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்கு பெடல் போட்டுப் பழகினார்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சைக்கிள் கற்ற கிராமப் பெண்களிலும் பலர், லேடீஸ் சைக்கிளுக்குக் காத்திராமல் ஆண்கள் வண்டியிலேயே ஏறினார்கள். குழந்தையை உட்காரவைக்க அந்தப் பார் உதவியது. உடம்புதான் வண்டிக்கு இணங்கியது, வண்டி உடம்புக்கு இணங்கவில்லை. அந்தப் பெண்கள் அடைந்த விடுதலையை இது ஒரு துளியும் குறைக்காது. எட்டாத வண்டியையும் வசப்படுத்தியது அவர்கள் துணிச்சலின் அளவு. ஆனாலும் நடுப்பாதத்தால் அழுத்துவது, முட்டியை அகட்டி மிதிப்பது, மெதுவாக ஓங்கி மிதிப்பது எல்லாம் இப்படித்தான் வழிவழியாக இறங்கின.

சமவெளியில் இந்தப் பழக்கம் பெரிதாக உறுத்தாது. மலை அதைக் கணக்குக் கேட்கிறது. முன்னே 44 பல், பின்னே 18 பல் உள்ள 28 அங்குலச் சக்கர வண்டி, ஒரு சுற்று மிதித்தால் சுமார் ஐந்தரை மீட்டர் நகரும். ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம் என்று கொண்டால், நிமிடத்துக்கு 24 சுற்றுதான் வரும். ஒவ்வொரு சுற்றிலும் உடல் எடை முழுதும் முட்டியில் இறங்கும். அதே வேகத்தில், முன்னும் பின்னும் 28 பல் இருந்தால் சுமார் 60 சுற்று வரும். செய்யும் வேலை ஒன்றே. அதைச் சிறுசிறு மிதிகளாகப் பிரித்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். பிரான்சில் மலைசூழ்ந்த சேந்த் எத்தியேன் நகரத்துப் பால் தெ விவி இதை வலியுறுத்திப் பல கியர் வண்டிகளுக்காக வாழ்நாளெல்லாம் வாதாடினார். ஆனால் டூர் தெ பிரான்ஸ் பந்தயம் 1937இல்தான் கியர் மாற்றியை அனுமதித்தது. கியர் என்பது பலவீனருக்கு என்ற வீராப்பு அங்கேயும் இருந்தது.

சீட் உயரத்துக்கும் அளவு உண்டு. ஹாம்லி, தாமஸ் என்ற ஆய்வாளர்கள் 1967இல் வெளியிட்ட கணக்குப்படி, பெடல் முழுதும் கீழே இருக்கும்போது அதிலிருந்து சீட்டின் மேல்பகுதிவரை, உள்கால் நீளத்தில் 109 விழுக்காடு இருக்க வேண்டும். உள்கால் 75 செ.மீ. என்றால் ஏறக்குறைய 82 செ.மீ. வரும். பிற்காலத்தார் இதைச் சற்றுக் குறைத்தும் சொல்கிறார்கள். ஆகவே இதைத் தொடக்கப்புள்ளியாக வைத்துக்கொள்வது நல்லது. டேப் இல்லாவிட்டால், சீட்டில் அமர்ந்து குதிகாலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முட்டி இலேசாக மடிந்திருக்கும். இடுப்பு இருபுறமும் ஆடினால் சீட் உயரம் மிகுதி.

இதெல்லாம் விலையுயர்ந்த வண்டிக்காரர் சமாச்சாரம் என்பார்கள். சீட் பைப்பின் நட்டைத் தளர்த்த ஒரு ஸ்பேனர் போதும், தெருமுனைக் கடையிலேயே ஆகும். அந்தக் காலத்தில் மூட்டை வைத்து மிதித்தவர்கள் அளவா பார்த்தார்கள் என்ற கேள்வி இதைவிட வலுவானது. அவர்களுடைய உழைப்பு பெரிது. ஆனால் செங்குத்து ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளினார்கள். அந்த வண்டியைக் கொண்டு செய்யக்கூடிய புத்திசாலித்தனம் அதுதான். கால் ஊன்ற எட்டாவிட்டால் விழுந்துவிடுவேன் என்ற புதியவரின் பயமோ முழுக்க நியாயமானது. அவர் சமவெளியில் தாழ்ந்த சீட்டிலேயே தொடங்கட்டும்; நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றப் பழகியபின், வாரத்துக்கு ஒரு விரற்கடையாக உயர்த்தினால் போதும்.

காரவள்ளிக்கு அதற்குப் பிறகு வரலாம். இடப்பக்கம் செல்லும் நம் சாலையில், இடது திருப்பங்கள்தான் உட்புறமாக அமைந்து மிகச் செங்குத்தாக இருக்கும். கியரை அங்கே நுழையும் முன்பே குறைத்துவிட வேண்டும், ஏறும்போது மாற்றினால் செயின் இறுகிக் கழன்றுகொள்ளலாம். வலது திருப்பத்தில் நம் பாதை வெளிவட்டம். சரிவு சற்று இளகும் அந்த இடம் மூச்சுவிட வாய்ப்பானது.