பத்துக் கம்பி, பன்னிரண்டு லீட்

ஈசிஜி எடுக்கும் அறையில் ‘லீட்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. இயந்திரத்தை இயக்குபவர் “ஒரு லீட் கழன்றுவிட்டது” என்றால் ஒயரைச் சொல்கிறார். தாளைப் புரட்டும் மருத்துவர் “இரண்டாம் லீடில் மாற்றம் தெரிகிறது” என்றால் அவர் சொல்வது ஒயரை அல்ல. கைகால்களில் நான்கு, மார்பில் ஆறு என உடலில் பொருத்துவது பத்து மின்முனைகள்தாம்; தாளில் வருவதோ பன்னிரண்டு லீட். சொல் வந்த வழியைப் பார்த்தால்தான் இந்தக் கணக்கு விளங்கும்.

லீட் பெயர்ச்சொல் ஆவதற்குமுன் வினைச்சொல்லாக இருந்தது. உடலில் எழும் மின்சாரத்தை அளவுகருவிக்குக் கொண்டுசெல்வதை 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில உடலியங்கியலாளர்கள் ‘லீட் ஆஃப்’ என்றார்கள். ஜெர்மன் மொழியின் ‘ஆப்லைட்டுங்’ என்பதும் வெளியே கொண்டுபோவதுதான். பிரெஞ்சில் ‘தெரிவாசியோன்’; ஓடையைக் குறிக்கும் ‘ரீவுஸ்’ என்ற லத்தீன் சொல் அதன் வேர். ஆற்றுநீரைக் கால்வாயில் திருப்புவதற்கும் பிரெஞ்சுக்காரர்கள் இதே சொல்லைத்தான் ஆள்கிறார்கள். ஆக, தொடக்கத்தில் லீட் என்பது எடுத்துச் செல்லும் செயல். பிறகு எடுத்துச் செல்லும் கம்பி.

1887இல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அகஸ்டஸ் வாலர், மார்பைத் திறக்காமலே மனித இதயத்தின் மின்சாரத்தைப் பதிவுசெய்தார். உப்புநீரில் கால் வைத்து நிற்கும் அவருடைய நாய் ஜிம்மியும் அந்தச் செய்துகாட்டல்களால் புகழ்பெற்றது. இரு கை, இரு கால், வாய் ஆகிய இடங்களை இரண்டிரண்டாக இணைத்துப் பார்த்த வாலர், சில இணைகளில் அலை நன்றாக வருவதையும் சிலவற்றில் மங்குவதையும் கண்டார். இதயத்தின் மின் அச்சு உடலில் சாய்வாக இருப்பதே காரணம் என்றார். கம்பி அதேதான், இணை மாறினால் அலை மாறுகிறது. கம்பியைக் குறித்த சொல் இணையைக் குறிக்கத் தொடங்கியது இப்படித்தான்.

ஜாவாவின் செமராங்கில் பிறந்து, நெதர்லாந்தின் லைடனில் பேராசிரியராக இருந்த வில்லெம் ஐந்தோவன் அந்த இணைகளில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டார். வலக்கை–இடக்கை முதல் லீட், வலக்கை–இடக்கால் இரண்டாவது, இடக்கை–இடக்கால் மூன்றாவது. 1913இல் ஃபார், தெ வார்ட் என்னும் இருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், இம்மூன்றையும் ஒரு சமபக்க முக்கோணத்தின் பக்கங்களாகவும் இதயத்தை அதன் நடுவாகவும் கொண்டார். அதன்பின் ஒவ்வொரு லீடுக்கும் ஒரு கோணம் வந்தது: 0, 60, 120 பாகை. இதயத்தின் மின்விசை ஒரு வெக்டர். ஒரு லீட் காட்டுவது தன் கோணத்தில் செல்லும் கோட்டின்மேல் அந்த வெக்டரின் வீழலை. மேல்நிலைப் பள்ளிக் கணக்கில் வரும் அதே வீழல்தான். வெக்டர் 60 பாகையை ஒட்டி நின்றால் மூன்றில் இரண்டாம் லீடின் அலை உயரமாக எழும். முதல் லீடையும் மூன்றாவதையும் கூட்டினால் இரண்டாவது வரும்.

மனித உடல் சமபக்க முக்கோணம் அல்ல. 1946இல் பர்கர், வான் மிலான் ஆகியோர் பக்கங்கள் ஒவ்வாத முக்கோணமே உடலுக்குப் பொருந்தும் என்று காட்டினார்கள். ஆனாலும் கணக்குக்கு எளிது என்பதால் ஐந்தோவனின் முக்கோணம் இன்றுவரை நிற்கிறது.

1934இல் மிச்சிகனின் ஃபிராங்க் வில்சன், இரு கைகளையும் இடக்காலையும் தலா 5000 ஓம் மின்தடை வழியாக ஒரு புள்ளியில் இணைத்தார். மின்னழுத்தம் ஏறத்தாழச் சுழியாக இருக்கும் அந்தப் புள்ளியை இணையின் ஒரு முனையாகக் கொண்டால், மார்பில் வைக்கும் ஒற்றை மின்முனையே ஒரு லீட் ஆகிவிடும். வி1 முதல் வி6 வரையிலான ஆறும் இப்படி வந்தவை. இதயத்தைக் கிடைத்தளத்தில் பார்ப்பவை. 1942இல் இமானுவேல் கோல்ட்பெர்கர் அந்த இணைப்பைச் சற்று மாற்றி, கைகால்களிலிருந்து பெரிதாக்கிய அலைகள் மூன்றை எடுத்தார்: ஏவிஆர், ஏவிஎல், ஏவிஎஃப். இவற்றின் கோணங்கள் −150, −30, 90 பாகை. மூன்றும் மூன்றும் ஆறும் பன்னிரண்டு. வலக்காலில் மாட்டும் கம்பி எந்த லீடிலும் சேராது. அது குறுக்கிடும் மின்னிரைச்சலைக் குறைக்க மட்டுமே.

இன்றைய இயந்திரங்கள் பெரும்பாலும் எட்டு லீடுகளை மட்டும் அளந்து, மற்ற நான்கையும் கணக்கிட்டே வரைகின்றன. தனக்கென்று ஒரு கம்பிகூட இல்லாமலே ஒரு லீட் இருக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். இடம்தான் முக்கியம்: இரு கைகளின் கம்பிகளை மாற்றி மாட்டிவிட்டால் முதல் லீட் தலைகீழாகும், இரண்டாவதும் மூன்றாவதும் இடம் மாறும், நலமான இதயமும் நோயுற்றதாகத் தெரியும்.

லீடுக்குத் தமிழில் சொல் ஆக்குவோர் கம்பியை விட்டுவிட்டுக் கோணத்தைப் பிடிக்க வேண்டும். ‘நோக்குக்கோடு’ என்பது என் பரிந்துரை. இதைவிடச் சிறந்த சொல் கிடைத்தால் அதையே ஆள்வோம். ‘மின்கம்பி’ என்று மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம்.