மனநலக் காப்பகத்தில் மகன்... ‘எப்போ வருவான்?’ எனத் தவிக்கும் குடும்பம்: சட்டம் சொல்வது என்ன?

கொலை வழக்கில் சிக்கியவருக்கு மனநோய் என்று தெரிந்தால், ‘பைத்தியம்னு சொல்லித் தப்பிச்சுட்டான்’ என்று ஊர் பேசும். உண்மை அதுவல்ல. குறிப்பிட்ட காலச் சிறைத் தண்டனைக்கு முடிவுத் தேதி உண்டு. நீதிமன்ற உத்தரவால் மனநலக் காப்பகத்தில் இருப்பவருக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. அந்தக் காத்திருப்பைச் சுமப்பது குடும்பம்தான்.

விடுதலை என்றால் வீட்டுக்கு வரலாமா?

தான் செய்வது என்ன, அது தவறா என்று அறிய முடியாத மனநிலையில் ஒருவர் செய்தது குற்றமாகாது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா 22-வது பிரிவு (பழைய ஐபிசி 84). ஆனாலும் அவர் நேராக வீடு திரும்ப முடியாது. பாதுகாப்பான இடத்தில் வைக்க நீதிமன்றம் உத்தரவிடும். அல்லது, உறவினர் மனு கொடுத்து, ‘நன்றாகப் பார்த்துக்கொள்வோம், யாருக்கும் தீங்கு நேராது’ என ஜாமீன் உறுதி தந்தால் அவரிடம் ஒப்படைக்கலாம்.

அந்தக் கையெழுத்து ஏன் கனக்கிறது?

மனநோயாளிகளில் பெரும்பாலானோர் வன்முறையில் ஈடுபடுவதில்லை. ஈடுபடும் சிலரால் பாதிக்கப்படுவது பல நேரம் சொந்த வீட்டு ஆட்களே. இறந்தவரும் மகன், காப்பகத்தில் இருப்பவரும் மகன் என்றால், அந்தத் தாய் யாருக்காக அழுவார்? ‘முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாமோ’ என்ற குற்ற உணர்வு ஒருபக்கம். ‘திரும்பி வந்தா மறுபடி நடந்துடுமோ’ என்ற பயம் மறுபக்கம். ‘மாத்திரையாவது ஒழுங்கா கிடைக்குதே’ என்ற நிம்மதியும் வரும். அதற்காகவே மனசு உறுத்தும்.

தூரமும் ஒரு சுமை

1794-ல் தொடங்கப்பட்ட சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டால், அலங்காநல்லூர் குடும்பம் மதுரை வந்து, அங்கிருந்து சுமார் 460 கிலோமீட்டர் போக வேண்டும். கூலி வேலைக்காரர்களுக்கு ஒவ்வொரு சந்திப்பும் சம்பள இழப்புதான்.

குடும்பம் ஏற்காவிட்டால்?

குடும்பம் ஏற்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் மனநல மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு. இடைநிலை இல்லங்கள் போன்ற வசதிகளைச் செய்வது அரசின் கடமை. கையெழுத்துப் போடத் தயங்கும் குடும்பத்தைக் கல்நெஞ்சம் என்று சொல்லும் முன் இதையும் யோசிக்க வேண்டும்.

எங்கே உதவி கேட்கலாம்?

மனநல ஆலோசனைக்கு 14416 (டெலி மானஸ், 24 மணி நேரமும்). குடும்பத்தினரும் பேசலாம். இலவச சட்ட உதவிக்கு 15100. காவலில் அல்லது மனநல மருத்துவமனைக் காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் வழக்கறிஞர் கிடைப்பார்.